முன்னொட்டு

எங்கள் ஊரில் வசவுக்கெல்லாம் நோய்தான் முதல்.
அம்மாவை இழுப்பது குறைவு.
காசம், காலரா, டைபாய்டு:
தாத்தாக்களைக் கொண்டுபோன நோய்களை
பேரன்கள் துடைத்துத் தீட்டி வைத்திருக்கிறோம்.
எல்லாவற்றிலும் கூரானது ஒன்று.

ரோட்டர்டாம் தெற்கு, டிராம் பணிமனை,
காலை ஐந்தரை.
புற்றுக் குளிர்டா என்பான் டெலானோ, உள்ளங்கையை ஊதிக்கொண்டு.
புற்றுப் போல்ட், கழன்று தொலைய மாட்டேன் என்கிறது என்பேன் நான்.
மேலாளர் புற்றுப் பயல்.
வெள்ளிக்கிழமை சுமையா சுட்டு எடுத்துவரும் ஆப்பிள் கேக்
புற்று ருசி.
ஆமாம், மெச்சுவதற்கும் அதேதான்.
உப்பைப் போல,
எதில் போட்டோம் என்று
போட்ட நாக்குக்கே நினைவிருக்காது.

வீட்ஸ்கேயும் சொன்னாள், எங்களைவிடத் திருத்தமாக.
கம்பி இணைப்பில் எங்களில் கெட்டி அவள்.
அறுநூறு வோல்ட்டை அவள் வைதால்
தகரக் கூரையில் மோதித் திரும்பும் அந்தச் சொல்.

அக்டோபரில் இரண்டு வாரம் வரவில்லை.
வந்த அன்று காபி நேரத்தில்
கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னாள்:
இடது மார்பு. மூன்றாவது கட்டம்.
இரண்டாம் தடத்தில் வண்டி நிற்கிறது
என்று சொல்கிற அதே குரலில்.

அன்றிலிருந்து எங்கள் வாக்கியங்களில் ஓட்டை விழுந்தது.
குளிர் வெறும் குளிரானது.
போல்ட் வெறும் போல்ட்.
டெலானோ தொடங்கிய சொல்லை இருமலாக முடித்தான்.
விடுப்புப் பலகையில் அவள் பெயருக்கு நேரே
ஹெர்ப்ரான்ட் ஒரே ஓர் எழுத்து எழுதினான், பக்கத்தில் ஒரு புள்ளி.
மீதி எழுத்துகளுக்கு
அவன் கையில் மை இல்லை.

அவள் காலடி கேட்டால்
விருந்தாளி வருமுன் மேசையைத் துடைப்பதுபோல
பேச்சைத் துடைத்தோம்.
விருந்தாளி.
பதினேழு வருடம் எங்களோடு கிரீஸில் புரண்டவளுக்கு
நாங்கள் கொடுத்த புது வேலை அது.
கேக் தட்டு அவளைச் சுற்றிக்கொண்டு போனது.
சாப்பிடலாமா உனக்கு என்று கேட்கக்கூட
ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஒரு மாலை என் வண்டியில் வந்தாள்.
தலையில் பச்சைக் கம்பளிக் குல்லாய்.
மாஸ் நதிப் பாலத்தில் சிவப்பு விளக்கு.
மருத்துவமனை வாசலில் பலகை பார்த்திருக்கிறாயா என்றாள்.
இவ்வளவு பெரிய எழுத்தில் அந்தச் சொல்,
பக்கத்தில் அம்புக்குறி.
முதல் நாள் பார்த்தபோது
கட்டடமே என்னைத் திட்டுகிறது என்று நினைத்தேன்.

நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பச்சை விழுந்து, பின்னால் ஒருவன் ஹாரன் அடித்து,
கண்ணாடியை இறக்கி
எங்கள் இருவரையும் அதே சொல்லால் வாழ்த்திப் போனான்.

ஜனவரியில் புதுப் பையன் இல்யாஸ்.
அவனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை,
சொல்ல அந்தச் சொல் வேண்டியிருந்ததே.
காலில் ஸ்பேனரைப் போட்டுக்கொண்டு கத்தினான்:
புற்று ஸ்பேனர்!
கொட்டகை உறைந்தது.
வீட்ஸ்கே ஏணியிலிருந்து நிதானமாக இறங்கினாள்.
ஸ்பேனரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.
இதற்கும் வந்துவிட்டதா? எத்தனையாவது கட்டம்?
அவள் சிரித்தாள்.
தனியாகத்தான் சிரித்தாள்.
பையனின் காதுமடல் சிவந்ததை நான் பார்த்தேன்,
என்னுடையதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மார்ச்சில் அவளுக்குப் போன் செய்தேன்.
நாற்பது வருடம், நாளுக்குப் பத்து முறை
வீசி எறிந்த சொல்லை
அதன் சொந்த அர்த்தத்தில் ஒருமுறை சொல்லப் பார்த்தேன்.
மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது நாக்கு.
லைனில் இருக்கிறாயா என்றாள்.
இருக்கிறேன்.
புற்று... எப்படி இருக்கிறது?

கொஞ்ச நேரம் அவள் பக்கம் சத்தமில்லை.
பிடிவாதமாக இருக்கிறது, உன் போல்ட் மாதிரி.
பிறகு,
இன்று வெள்ளிக்கிழமைதானே?
எனக்கும் ஒரு துண்டு எடுத்துவைக்கச் சொல்.